வீட்டில் போட்ட பீர் ஏன் ருசிக்கவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் வசிக்கிறேன். 11 வருடமாக வீட்டுச் சமையலறையில் பீர் போட்டு வருகிறேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மாதம் ஒருவராவது போனில் பிடித்துவிடுவார்கள். "அண்ணா, 40 பாட்டில் நிரப்பி வைத்திருக்கிறேன், வாயில் வைக்க முடியவில்லை" என்று பேச்சு ஆரம்பிக்கும். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கடையில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகு டின் வாங்கி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, 23 லிட்டர் பக்கெட்டில் ஊற்றி ஈஸ்ட் தூவுவது. அவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். தானியத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

பாட்டிலில் அடைத்து 10 நாள் ஆயிற்று. குடித்துப் பார்த்தேன், நன்றாக இல்லை. கொட்டிவிடட்டுமா?

வேண்டாம், பொறுங்கள். 10 நாளில் பீர் இன்னும் அரைவேக்காடு. வேக்காடு முடிவதற்குள் உப்பு, காரம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நான் இரண்டாவது தடவை போட்டது பிட்டர் என்ற ஆங்கிலேயக் கசப்பு பீர். 10-ஆம் நாள் திறந்தபோது பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி இருந்தது. மனம் விட்டுப்போய் பெட்டியைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆறு வாரம் கழித்து இடம் வேண்டுமென்று வெளியே எடுத்து ஒன்றைத் திறந்தால், அந்த ஆப்பிள் போன இடம் தெரியவில்லை. பிஸ்கட் வாசனையும் நல்ல கசப்புமாக, கடையில் வாங்கியதுபோல இருந்தது.

காரணம் எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும் வழியில், கடைசிப் படிக்கு முந்தைய படியில் அசிட்டால்டிஹைடு என்ற பொருள் உண்டாகிறது. பச்சை ஆப்பிள் வாசனை அதனுடையது. ஈஸ்டை அவசரப்பட்டுப் பிரிக்காமல் விட்டால் மிச்சத்தையும் அதுவே எடுத்து முடித்துவிடும். கந்தக நெடி, ஈஸ்டின் மாவு ருசி, தொண்டையில் உரசும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) கசப்பு, வாயு போதாமை ஆகியவையும் காலத்தில் சரியாகிறவை. ஆஸ்பத்திரி வாசனை, புளிப்பு, நனைந்த அட்டைப்பெட்டி ருசி ஆகியவை காத்திருந்தாலும் போகாது.

பாட்டில்களை 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லலாம்.

ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. ஆனால் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். கோளாறுக்குப் பெயர் தெரியாமல் பழச்சாறு ஊற்றுவதும், மசாலா போடுவதும், அடுத்த தடவை வேறு டின் வாங்குவதும் குருட்டு வைத்தியம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்துப் பார்க்காதீர்கள். சில்லிப்பில் நாக்கு மரத்துவிடும். 12 டிகிரி அளவுக்கு வரட்டும். சின்னக் கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றி, உள்ளங்கையால் வாயை மூடி, இரண்டு சுற்றுச் சுற்றி, கையை எடுத்தவுடன் முகருங்கள். முதல் இரண்டு நொடியில் மனதில் எது வருகிறதோ அதை அப்படியே காகிதத்தில் எழுதுங்கள். 'பெயின்ட்', 'ஊறின சோளம்', 'பாட்டி வீட்டு அலமாரி' என்று எதுவானாலும் சரி. பக்கத்திலேயே அதே வகைக் கடை பீர் ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி முகர்ந்தால், எது கூடுதல், எது குறைச்சல் என்பது பளிச்சென்று தெரியும்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கீழே தேடுங்கள்.

பேண்டேஜ், டெட்டால் மாதிரி ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. சுத்தமாகத்தானே செய்தேன்?

சுத்தமாகச் செய்ததாலேயே இது வந்திருக்கலாம். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின், அல்லது ப்ளீச் போட்டுக் கழுவிய பக்கெட்டில் ஒட்டியிருக்கும் மிச்சம், மால்ட்டிலும் ஈஸ்டிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து குளோரோஃபீனாலாக மாறுகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் தண்ணீரை வெறுமனே குடிக்கும்போது ஒன்றும் தெரியாமல், பீரில் மட்டும் இப்படி அடிக்கிறது.

என் முதல் பீர் இப்படித்தான் போனது. ஊரில் அம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவியதைப் பார்த்து வளர்ந்தவன், பக்கெட்டையும் அப்படியே கழுவினேன். 23 லிட்டரும் பஞ்சு சுற்றிய காயம் மாதிரி மணத்தது. மூன்று மாதம் வைத்துப் பார்த்தேன், ஒரு துளிகூட மாறவில்லை.

வந்தபின் இதற்கு வழியில்லை. வராமல் தடுப்பது மிக எளிது. கேம்ப்டன் மாத்திரை என்று ஹோம்பிரூ கடையில் கிடைக்கும். மெட்டாபைசல்ஃபைட்தான் அது. 23 லிட்டர் தண்ணீருக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரின் செயலிழந்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா என்பார்கள். வெறும் குளோரின் போகும். பல ஊர்களில் தண்ணீர் வாரியம் போடுவது குளோரமைன், அது கொதித்தாலும் லேசில் போகாது. மாத்திரை இரண்டையும் கவனித்துக்கொள்ளும். சில காசு செலவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை.

கிராம்பு வாசனை மட்டும் வந்தால் அது வேறு. ஜெர்மனியின் கோதுமை பீருக்கு அந்த மணமே அழகு. வேறு வகையில் வந்தால், காட்டு ஈஸ்ட் ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது.

புளிக்கிறது. வினிகர் நெடியும் இருக்கிறது. எதனால்?

கிருமி. மோர் போன்ற புளிப்பு என்றால் லாக்டோபேசில்லஸ் வகை. மூக்கில் ஏறும் வினிகர் என்றால் அசிட்டிக் பாக்டீரியா, அதற்குக் காற்று வேண்டும், ஆகவே மூடி சரியாகப் பொருந்தவில்லை அல்லது அடிக்கடி திறந்து பார்த்திருக்கிறீர்கள்.

எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. நண்பர் ஒருவருக்குத் தொடர்ந்து மூன்று தடவை புளித்தது. பக்கெட் பளபளவென்று இருந்தது, குழாய்கள் புதிது. கடைசியில் பக்கெட்டின் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் குழாயை, அதுதான் திருகித் திறக்கும் டேப், வெந்நீரில் போட்டு இரண்டாகப் பிரித்தோம். உள் உருளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சுற்றி வெல்லப்பாகு காய்ந்த நிறத்தில் ஒரு வளையம், விரலால் தொட்டால் வழவழவென்றிருந்தது. ஒரு வருடமாக அது பிரியும் என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு பவுண்டுக்குப் புது டேப் வாங்கிப் போட்டதும் புளிப்பு நின்றுவிட்டது.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு மேலே கிருமிநாசினி ஊற்றினால் அழுக்குக்கு அடியிலிருப்பது பிழைத்துக்கொள்ளும். முதலில் சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஸ்டார் சான் மாதிரி அலசத் தேவையில்லாத நாசினியால் நனைக்க வேண்டும். உள்ளே கீறல் விழுந்த பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு ஓய்வு கொடுங்கள். கீறலுக்குள் எந்த நாசினியும் ஒழுங்காகப் போவதில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இட்லி மாவுக்கு யாரும் கிருமி நீக்குவதில்லையே. அது மட்டும் எப்படி நன்றாகப் புளிக்கிறது?

நல்ல கேள்வி. நம் வீட்டில் எல்லோரும் இதைக் கேட்பார்கள். இட்லி மாவில் நமக்கு வேண்டியதே உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிவரும் லாக்டிக் பாக்டீரியாதான். அவை புளிப்பை உண்டாக்கி மற்றவற்றை விரட்டிவிடும். அடுத்த நாள் வேகவைத்தும் விடுகிறோம். பீரில் நாம் தூவிய ஒரே ஒரு ஈஸ்ட் மட்டும் வேலை செய்ய வேண்டும், அதுவும் வாரக்கணக்கில், பிறகு வேகவைப்பதும் கிடையாது. பெரிய ஆலைகளே இதைக் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆயிற்று. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். அந்த ஆலையின் பீரில் காட்டு ஈஸ்ட் கலந்து ருசி கெட்டுக்கொண்டிருந்ததுதான் அதற்குத் தூண்டுதல்.

ஒரு நடைமுறை விஷயமும் சொல்கிறேன். குளிர்காலத்தில் மாவை விளக்கு எரியும் ஓவன் அடுப்புக்குள் வைப்போம் இல்லையா, அதற்குப் பக்கத்தில் பீர் பக்கெட்டைத் திறக்காதீர்கள். மாவுக் கரண்டி, பீர்க் கரண்டி தனித்தனியாக இருக்கட்டும்.

நெயில் பாலிஷ் வாசனை வருகிறது, தொண்டை எரிகிறது, மறுநாள் தலை கனக்கிறது. ஆல்கஹால் அதிகமாகிவிட்டதா?

சூடு அதிகமாகிவிட்டது. ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர்) வகை ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி சுகம். 25-ஐத் தாண்டினால் ஃபியூசல் ஆல்கஹால், எத்தில் அசிட்டேட் போன்றவற்றைத் தள்ள ஆரம்பிக்கும். நெயில் பாலிஷ் அந்த அசிட்டேட்தான், தொண்டை எரிச்சல் ஃபியூசல்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அறை 21 டிகிரி காட்டும், நிம்மதியாக இருப்பார்கள். நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமாக நொதிக்கும் 23 லிட்டர் பக்கெட் அறையைவிட மூன்று, நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். ஆகவே சுவரில் உள்ள தெர்மாமீட்டரை நம்பாமல், பக்கெட்டின் மேல் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டரைப் பாருங்கள். முதல் மூன்று நாள்தான் கண்டம். ருசியில் பெரும்பகுதி அதற்குள் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறினால் கெடுதல் இல்லை, நல்லதுகூட.

2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் முறையாக 40 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த வாரம் என்னிடம் ஒரு பேல் ஏல் நொதித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்பி, பக்கெட்டை அதற்குள் நிறுத்தி, மேலே பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி, அதன் நுனி தண்ணீரில் தொங்கும்படி விட்டேன். ஃபேனை அதை நோக்கித் திருப்பிவைத்தேன். மண்பானை குளிரும் அதே வித்தை. ஐஸ் பாட்டில்களைக் காலையும் மாலையும் தொட்டியில் மாற்றினேன். பீர் 21-ஐத் தாண்டவில்லை.

இந்தப் பாடு வேண்டாமென்றால், கோடையில் மட்டும் நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்டை வாங்கிப் போடுங்கள். 30 முதல் 40 டிகிரி வரை அதற்குப் பழக்கம்.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மாதிரி இருக்கிறது. வாயில் வழவழப்பும் தெரிகிறது. இது நல்லதா கெட்டதா?

பெரும்பாலும் நல்லதில்லை. டைஅசிட்டைல் என்பார்கள். ஈஸ்ட் வெளியே விட்ட ஒரு பொருள் பீரில் மெதுவாக டைஅசிட்டைலாக மாறும், ஈஸ்ட் தெம்பாக இருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நொதித்தல் ஓய்ந்ததும் அவசரமாகப் பாட்டிலில் அடைத்தாலோ, குளிரில் போட்டாலோ அந்தக் கடைசி வேலை நடப்பதில்லை. லேகர் என்ற, குளிரில் நொதிக்கும் பீரைப் போடுகிறவர்கள் முடிவுக்கு வரும் சமயத்தில் 16 முதல் 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைப்பது இதற்காகத்தான்.

அடைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு சின்னப் பாட்டிலில் பீர் எடுத்து, ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, பிறகு ஆறவிடுங்கள். இரண்டையும் முகர்ந்தால், சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் பீர் இன்னும் தயாரில்லை. மறைந்திருந்த பொருளைச் சூடு வெளிக்கொண்டு வந்துவிடும். பக்கெட்டை இன்னும் மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

தண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கிறது. டின்னில் எழுதியிருந்தபடியேதான் செய்தேன்.

பல டின்களில் "1 கிலோ சர்க்கரை சேர்க்கவும்" என்று இருக்கும். அங்கேதான் பிரச்சினை. ஈஸ்ட் வெள்ளைச் சர்க்கரையை மிச்சமில்லாமல் தின்றுவிடும். ஆல்கஹால் கிடைக்கும், வாயில் நிற்கும் கனமோ மால்ட் ருசியோ கிடைக்காது. சாம்பாரில் பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிய கதை.

அடுத்த முறை அந்த ஒரு கிலோவுக்குப் பதில் ஒரு கிலோ உலர் மால்ட் பொடி போடுங்கள். இங்கே கடைகளில் ஸ்ப்ரேமால்ட் என்று கேட்டால் தருவார்கள். அல்லது தண்ணீரை 23 லிட்டருக்குப் பதில் 20 லிட்டரோடு நிறுத்துங்கள். 200 கிராம் கிரிஸ்டல் மால்ட் தானியத்தைத் துணிப்பையில் கட்டி, 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை ஒரு கொதி கொதிக்கவிட்டு ஊற்றினால் டின் பீர் என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

டின் மூடிக்கு அடியில் வரும் ஈஸ்ட் பொட்டலத்தையும் மாற்றச் சொல்வேன். பெரும்பாலும் 6 கிராம் அளவுதான் இருக்கும், எந்தக் கிடங்கில் எவ்வளவு நாள் வெயிலில் இருந்ததோ. நாட்டிங்ஹாம் போல நல்ல ஏல் ஈஸ்ட் 11 கிராம் பொட்டலம் வாங்கித் தூவுங்கள். ஒரே டின்னை இரண்டு பக்கெட்டில் பிரித்து, ஒன்றில் பொட்டல ஈஸ்ட், மற்றதில் வாங்கிய ஈஸ்ட் என்று போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே டின்னில் பிறந்தவை என்று என் மனைவி நம்பவில்லை.

தித்திக்கிறது. ஹைட்ரோமீட்டர் 1.020-லேயே நிற்கிறது.

ஹைட்ரோமீட்டர் பீரின் அடர்த்தியைக் காட்டும் கருவி, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதன் எண் இறங்க வேண்டும். உங்களுக்கு நொதித்தல் பாதியில் நின்றிருக்கிறது. இந்த நிலையில் பாட்டிலில் அடைக்காதீர்கள். ஈஸ்ட் மறுபடி விழித்தால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடித் துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பக்கெட்டை 20, 21 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் லேசாக ஆட்டிவிட்டு, ஐந்து நாள் கொடுங்கள். நகரவில்லையென்றால், கொஞ்சம் மால்ட் கரைசலில் நுரைக்கவிட்ட புது ஈஸ்டை ஊற்றுங்கள். சாதாரண ஏல் 1.010-இலிருந்து 1.014-க்குள் நிற்கும். மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டினால்தான் முடிந்தது என்று அர்த்தம். மூடியில் வாயுவை வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழி நின்றது கணக்கில்லை.

வாயுவே இல்லை. அல்லது திறந்ததும் கூரை வரை பீய்ச்சுகிறது.

பாட்டிலில் வாயு ஏறுவதற்காக அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையைக் கரண்டியால் அள்ளிப்போட்டால் இப்படித்தான் வரும், எடைபோடுங்கள். லிட்டருக்கு 6 கிராம், அதாவது 23 லிட்டருக்கு ஏறக்குறைய 140 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, வேறொரு பக்கெட்டின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைச் சைஃபன் குழாயால் அமைதியாக இறக்குங்கள். வாயுவே இல்லாத பாட்டில் பெரும்பாலும் குளிரில் இருந்திருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து, தலைகீழாக ஒரு தடவை கவிழ்த்து வைத்து, இரண்டு வாரம் விடுங்கள். பீய்ச்சுகிற பாட்டில்களை உடனே குளிர்ப்படுத்தி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மூடியை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்.

முதல் வாரம் பிரமாதம். ஒரு மாதத்தில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

காற்று பட்டிருக்கிறது. ஈஸ்ட் தூவும் நேரத்தில் மட்டும் காற்று நல்லது, அப்போது எவ்வளவு கலக்கினாலும் தகும். நொதித்தபின் பீரைச் சளசளவென்று ஊற்றுவது, பாட்டில் கழுத்தில் அதிக இடம் விடுவது எல்லாம் அதைக் கிழடாக்கிவிடும். சைஃபன் குழாயின் நுனி எப்போதும் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஹாப்ஸ் நிறையப் போட்ட மங்கலான ஐபிஏ வகை இதில் ரொம்ப மென்மை. பொன்னிறமாக இருந்தது இரண்டே வாரத்தில் பழுப்பாகி, மாம்பழ வாசனையும் போய்விடும். அதைப் பாட்டிலில் வைத்துச் சேமிக்க ஆசைப்படாமல் சீக்கிரம் குடித்துவிடுவதே நல்லது.

கதகதப்பும் இதே வேலையைச் செய்யும். வாயு ஏறியதும் ஃபிரிட்ஜ் அல்லது கராஜ்.

வெயிலில் வைத்த பீர் நாறுகிறதே?

வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்துக் கந்தகச் சேர்மமாக்குகிறது. சில நிமிட நேரடி வெயில் போதும். பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் தடுக்காது, பழுப்புப் பாட்டில் தடுக்கும். இவ்வளவுதான்.

நான் தானியத்தை ஊறவைத்துச் செய்கிறேன். டீத்தூள் மென்ற மாதிரித் துவர்க்கிறது.

உமியிலுள்ள டானின் இறங்கியிருக்கிறது. அடுப்பில் மறந்துபோன டீ துவர்ப்பதும் இதனால்தான். தானியத்தை அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டக்கூடாது. கடைசிச் சொட்டு சர்க்கரை வரைக்கும் பிழிய வேண்டாம். அரைவை மாவாகவும் ஆகக்கூடாது, உமி முழுசாகத் தெரிய வேண்டும்.

வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் வேறு காரணம். வெளிர் மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடு அது. பாத்திரத்தை மூடாமல், தளதளவென்று 60 நிமிடம், பில்ஸ்னர் என்ற மிக வெளிர் மால்ட் என்றால் 90 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு வேகமாகக் குளிரவைத்தால் போய்விடும்.

லண்டன் தண்ணீரில் வெளிர் நிறப் பீர் முரடாக வருகிறது, ஸ்டவுட் என்ற கறுப்புப் பீர் மட்டும் அருமையாக வருகிறது. நிஜமா, பிரமையா?

நிஜம். இங்கே தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிறது. கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பைகார்பனேட் அமிலத்தன்மையைக் குறைக்கும். கருக வறுத்த மால்ட்டில் இயல்பாகவே புளிப்பு உண்டு, இரண்டும் ஈடாகிவிடும். போர்ட்டர் என்ற கறுப்புப் பீர் லண்டனில் பேர்பெற்றதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் அவ்வூரின் பேல் ஏலில் கசப்பு கூர்மையாக நின்றது. செக் நாட்டின் பில்சன் தண்ணீரில் கனிமமே குறைவு, மென்மையான லேகர் அங்கே பிறந்தது.

தானியத்திலிருந்து செய்கிறவர்கள் வெளிர் பீருக்குப் பாதித் தண்ணீரைக் கனிமம் குறைந்த பாட்டில் தண்ணீராக மாற்றினாலே வித்தியாசம் தெரியும். டின்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாகிலேயே கனிமங்கள் வந்துவிடுகின்றன.

கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் சுவாரசியமே இல்லாமல் இருக்கிறது. இப்போது எதையாவது சேர்த்துச் சரிசெய்யலாமா?

தாராளமாக. கெட்டுப்போன பீரைச் சேர்மானத்தால் மறைக்க முடியாது, ஆனால் சுமாரான பீரைத் தூக்கிவிட முடியும். எதைச் செய்தாலும் முதலில் ஒரு டம்ளரில் செய்து பாருங்கள்.

இன்னும் பக்கெட்டில் இருந்தால் வேலை சுலபம். வாசனை போதவில்லையென்றால் 50 முதல் 100 கிராம் ஹாப்ஸை அப்படியே போட்டு மூன்று நாள் விடுங்கள். வாங்கும் ஹாப்ஸ் பச்சையாக மணக்க வேண்டும். சீஸ் வாடை வந்தால் பழசு. மிச்சத்தை ஃபிரீசரில் வையுங்கள். கசப்பு போதவில்லையென்றால் இப்படிப் போடுவது உதவாது, ஏனென்றால் கசப்பு கொதித்தால்தான் இறங்கும். கசப்பேற்றிய ஹாப்ஸ் சாறு சொட்டு மருந்து மாதிரிச் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது, டம்ளரில் சொட்டு எண்ணிப் பார்த்து அளவைத் தீர்மானிக்கலாம்.

ஸ்டவுட் காரமாக, எலும்பும் தோலுமாக இருந்தால் 300 கிராம் லாக்டோஸைக் கொதிநீரில் கரைத்துச் சேருங்கள். பீர் ஈஸ்ட் அதைத் தின்னாது, இனிப்பும் கனமும் தங்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறிய காபி டிகாக்ஷன் ஸ்டவுட்டுக்கு அற்புதமாகச் சேரும். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதிக் கடையில் வாங்கிய கருப்பட்டி 300 கிராமை நொதிக்கும் நடுவில் போட்டிருக்கிறேன். இனிப்பு முழுக்கக் கரைந்துபோய், பனையின் அந்தப் புகைந்த மணம் மட்டும் பின்னால் நிற்கும். வருடம் ஒரு தடவை அதைப் போடாவிட்டால் வீட்டில் கேட்பார்கள்.

கோதுமை பீர் சப்பென்று இருந்தால் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். இது நம் ஊர்ப் பழக்கத்தில் சொல்வதில்லை. பெல்ஜியத்தில் ஹூகார்டன் ஊரின் வெள்ளைப் பீர் அழிந்துபோய், 1960-களில் பியர் செலிஸ் என்ற பால்காரர் அதை மறுபடி கொண்டுவந்தபோது அதில் சேர்த்ததும் இவை இரண்டும்தான். 15 கிராம் விதையை ஒன்றிரண்டாகத் தட்டி, கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போட வேண்டும். கொதி முடிந்துவிட்டதென்றால் கொஞ்சம் வோட்காவில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டிச் சேர்க்கலாம். முட்டை வடிவத்திலிருக்கும் நம் ஊர் மல்லி, உருண்டை மல்லியைவிட எலுமிச்சை வாசனையாக இருக்கிறது. மல்லித்தூள் போடாதீர்கள், குழம்பு வாசனை வந்துவிடும்.

பாட்டிலில் அடைத்தாகிவிட்டதென்றால் வழி குறைவு. டம்ளரில் இரண்டு பீர்களைக் கலப்பது நல்ல வழி, அதிகக் கசப்புள்ளதையும் அதிக இனிப்புள்ளதையும் சேர்த்தால் சில சமயம் இரண்டையும்விட மேலானது கிடைக்கும். அப்புறம், உப்பு. சப்பென்ற கறுப்புப் பீரில் உப்புக் கரைசல் இரண்டே சொட்டு விட்டுப் பாருங்கள். உப்புப் பத்தாத ரசத்தில் கல்லுப்பு விழுந்த மாதிரி மால்ட் எழுந்து நிற்கும். உப்புக் கரித்தால் கூடிவிட்டது.

ருசி கெட்ட பீர் விஷமாகிவிடுமா? கள்ளச்சாராயம் மாதிரிக் கண் போய்விடுமா?

ஊரிலிருந்து அம்மா, அத்தைமார் போனில் கேட்பது இதைத்தான். அவர்களுடைய பயத்தைச் சிரித்துத் தள்ளமாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அது மெத்தனால் கலந்த சாராயம். மால்ட்டும் சர்க்கரையும் நொதிக்கும்போது அப்படி ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. புளித்த பீரும் அட்டைப்பெட்டி ருசிப் பீரும் குடிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். மேலே முடி முளைத்த மாதிரிப் பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டுங்கள். பீரை வாலையில் ஏற்றிச் சாராயமாக வடிக்க ஆசைப்படாதீர்கள், உரிமம் இல்லாமல் அது இங்கிலாந்திலும் குற்றம்.

தமிழ்நாட்டில் என் தம்பியும் வீட்டில் போடலாமா?

கூடாது. 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். இங்கிலாந்தில் 1963-இல் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். சொந்த வீட்டு உபயோகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், ஒரு பாட்டில்கூட விற்கக்கூடாது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டாலும், மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை அனுமதிக்கவில்லை. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அங்கே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரி வாடைதான், போகவே இல்லை. என்ன செய்வது?

இப்போது கொட்டலாம். அதைக் குடித்துத் தீர்க்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை, விருந்தாளிகளுக்குக் கொடுக்கவும் கூடாது. கொட்டுவதற்கு முன் எந்தத் தண்ணீர், எந்த ஈஸ்ட், முதல் மூன்று நாள் எத்தனை டிகிரி, எப்போது அடைத்தது, முகர்ந்தபோது என்ன தோன்றியது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்று இரவே வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வையுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் ஒரு தடவை காய்ந்துவிட்டால் பிரஷ்ஷுக்கும் வராது.